திரிஸ்தான் டா குன்ஹாவில் தலைமைத்துவம்: பீற்றர் மங்க்கின் கருத்துப் பற்றிய ஒரு மறுபரிசீலனை

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, கேப் ரவுணிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள எரிமலைத் தீவு திரிஸ்தான் டா குன்ஹா. மனிதர் நிலையாக வாழும் தீவுகளுள் இதனினும் தனித்தது பிறிதொன்றில்லை என்பர். சில நூறு பேரைக் கொண்ட இச்சிறு சமூகத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களோ அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெருந்தொகையின. மதகுருமாரும் அவர்தம் மனைவியரும் கடற்படையினரும் பிரயாணிகளும் எழுதிய அந்நூல்களிடையே சமூகவியல் நோக்கில் தனித்து நிற்பவை நோர்வே நாட்டு ஆய்வாளர் பீற்றர் மங்க்கின் எழுத்துகளாகும். 1937-38ஆம் ஆண்டுகளில் அங்கு சென்ற நோர்வேய விஞ்ஞானக் குழுவில் ஓர் உறுப்பினராகச் சென்ற அவர், பின்னர் தீவின் சமூகவியல் பற்றிய நூலையும், 1971இல் 'கிரைசிஸ் இன் யூட்டோப்பியா' என்னும் நூலையும் வெளியிட்டார். தீவின் தலைமைத்துவ வரலாறு பற்றிப் பேசுவோர் இன்றும் அவரது கருத்தையே பெரிதும் பின்பற்றுவதனால், அக்கருத்தினைச் சற்று ஊன்றி நோக்குதல் அவசியமாகின்றது.

மங்க்கின் கருத்துச் சுருக்கமாக இதுதான்: திரிஸ்தான் மக்கள் ஆட்சியற்றோர், ஆயினும் ஒழுங்கற்றோர் அல்லர். ஒருவர் மற்றவர்க்குக் கட்டளையிடுவதை அவர்கள் விரும்புவதில்லை. தனிமனித சுதந்திரமும் பரஸ்பர மதிப்புமே அச்சமூகத்தைப் பிணைத்து வைத்துள்ளன. இப்பண்பின் ஊற்று 1817ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலேயே உள்ளது. உடையார், விதானையார் என்னும் பதவிப் பெயர்களோடு பழகிய ஈழத்து வாசகருக்கு இக்கருத்து விசித்திரமாகவும், அதனாலேயே கவர்ச்சியாகவும் தோன்றுதல் இயல்பு. ஆனால் கவர்ச்சி வேறு, நிறுவப்பட்ட முடிவு வேறு.

முதலில் அவ்வுடன்படிக்கையை எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1811இல், அமெரிக்காவின் சேலம் நகரைச் சேர்ந்த ஜொனதன் லம்பேட் என்பவர் தீவுக்குத் தாமே ஏக உரிமையாளர் எனப் பிரகடனம் செய்து, அதற்குப் புதுப்பெயரும் சூட்டினார். ஆள்வதற்கு ஓரிரு தோழர்களைத் தவிர அங்கு எவரும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் கடலில் மாண்டார். குடிகளற்ற அக்கோமகனின் கதை நகைப்புக்குரியதாயினும், திரிஸ்தானில் தலைமை பற்றிய முதற் பேச்சு வெளியுலகை நோக்கியே எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. நெப்போலியன் சென் ஹெலனாவிற் சிறை வைக்கப்பட்டிருந்த காரணத்தால் 1816இல் பிரித்தானியா திரிஸ்தானைக் கைப்பற்றிப் படையொன்றை நிறுத்தியது. மறு ஆண்டில் அப்படை திரும்பியபோது, ஸ்கொத்லாந்தின் கெல்சோவைச் சேர்ந்த பீரங்கிப் படையாளர் வில்லியம் கிளாஸ் தம் மனைவி மரியாவுடனும் பிள்ளைகளுடனும் அங்கேயே தங்கினார். சாமுவேல் பேர்ணல், ஜோன் நன்கிவெல் ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்தனர். உடைமையும் உழைப்பும் இலாபமும் சமமெனவும், எவரும் மற்றவரின் மேலானவர் என உரிமை பாராட்டலாகாது எனவும் மூவரும் 1817 நவம்பரில் எழுதிக் கையொப்பமிட்டனர்.

இவ்வாவணத்தை ஒரு சமூகத்தின் அரசியல் யாப்பாகக் கொள்வதிலேயே மங்க்கின் தவறு தொடங்குகிறது. அது மூவர் செய்துகொண்ட கூட்டு வியாபார ஒப்பந்தம். தம்மை அவர்கள் ஒரு வியாபார நிலையமாகவே அதிற் குறிப்பிடுகின்றனர். பங்காளிகளிடையே சமத்துவம் வேண்டும் என்பது எந்தக் கூட்டு வியாபாரத்துக்கும் பொது விதி. பங்காளிகள் இருவரும் விரைவிலேயே தீவை விட்டு நீங்க, ஒப்பந்தத்தின் உயிரும் நீங்கிற்று. 1824இல் எதிர்பாராத விதமாகக் கப்பலாற் கைவிடப்பட்டு அங்கு எட்டு மாதம் அளவில் தங்க நேர்ந்த ஓவியர் ஒகஸ்ரஸ் ஏர்ள், தம் குறிப்பில் கிளாஸைத் தேசாதிபதி என்றே அழைக்கிறார். சமத்துவம் எழுதப்பட்ட ஏழாண்டுகளுக்குள் தேசாதிபதி தோன்றிவிட்டார்! அப்பட்டத்தில் ஏளனம் கலந்திருக்கலாம். ஆயினும் வந்தவர் கண்ணுக்குத் தலைவர் ஒருவர் தென்பட்டார் என்பதை மறுக்கவியலாது.

கிளாஸின் தலைமை எதனால் ஆயது? இவ்வினாவுக்கு விடை கடற்கரையில் உள்ளது. அன்று தென் அத்திலாந்திக் எங்கும் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நிறைந்திருந்தன. அவற்றுக்கு நன்னீரும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் தேவைப்பட்டன. தீவுக்கோ மாவும் துணியும் ஆணியும் மரமும் தேவைப்பட்டன. கப்பலுக்குப் படகில் சென்று விலை பேசுபவர், கப்பற்றலைவனின் மொழியறிந்தவர், கடிதம் எழுதத் தெரிந்தவர் யாரோ அவரே தலைவர். வீட்டின் உள்ளே, வயலிலே, மேய்ச்சல் நிலத்திலே அவர் எவருக்கும் எசமானர் அல்லர். கப்பல் கண்ணிற் படும் வேளையில் மட்டும் ஊரின் கண்கள் அவரை நோக்கின. இதனை 'இடையாள் தலைமை' எனலாம். உள்ளே அதிகாரமின்றி, வெளியுலகுக்கும் சமூகத்துக்கும் இடையிலுள்ள வாயிலிற் நிற்பதால் மட்டுமே பெறப்படும் தலைமை இது.

1853இல் கிளாஸ் இறந்த பின்னர் நிகழ்ந்தவை இதனை மேலும் வலியுறுத்துகின்றன. 1836இல் உடைந்த கப்பலொன்றிலிருந்து கரையேறிய ஒல்லாந்தர், கத்வைக் ஊரைச் சேர்ந்த பீற்றர் கிரீன், காலப்போக்கில் ஊரின் தலைவராக எண்ணப்பட்டார். அவரை எவரும் தெரிவு செய்யவுமில்லை, நியமிக்கவுமில்லை. போர்க்கப்பல்கள் வந்தபோது வரவேற்றவரும் பேசியவரும் அவரே. 1867இல் எடின்பரோக் கோமகன் வந்தபோதும் அவரே முன்னின்றார். ஆனால் அவர் காலத்தில் வாயிலின் தன்மை மாறிவிட்டது. திமிங்கில வேட்டை நலிந்தது. நீராவிக் கப்பல்கள் பாய்மரக் கப்பல்களின் பழைய வழியை விட்டு விலகின. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதோடு கீழ்த்திசை வாணிபம் வேறு திசை சென்றது. கிளாஸ் பேரம் பேசியவர். கிரீன் முதுமையில் உதவி கோரியவர். இரண்டும் இடையாள் வேலையேயாயினும் இரண்டினதும் பெறுமதி ஒன்றல்ல. வாணிபத்தாற் பிறந்த தலைமை வறுமையினால் தேய்ந்த வரலாற்றை ஒரு மனிதரின் வாழ்நாளிலேயே காணமுடிகிறது. 94 வயதில், 1902இல் கிரீன் காலமானார்.

இவ்விடத்தில் 1885 நவம்பர் 28ஆந் திகதியைக் குறிப்பிடாது செல்லுதல் தகாது. அன்று தூரத்தே தென்பட்ட கப்பலொன்றை நோக்கி, பண்டமாற்றுச் செய்யும் நம்பிக்கையில், ஊரின் ஆடவர் பதினைந்து பேர் உயிர்காப்புப் படகொன்றில் ஏறிச் சென்றனர். ஒருவரும் மீளவில்லை. எந்தக் கடற்கரைச் செயலினால் தீவின் தலைமை பிறந்ததோ அதே செயல் அடுத்த தலைமுறையின் ஆடவரைப் பெரும்பாலும் விழுங்கிற்று. எஞ்சியோர் முதியோரும் கைம்பெண்களும் சிறுவருமே. தலைவர்கள் ஏன் இல்லை என்று பின்னாளில் வினவியோர் இப்படகை நினைத்திருக்க வேண்டும்.

கிரீனுக்குப் பின் எழுத்தறிந்த இத்தாலியர் அந்திரேயா ரெப்பெற்றோ, 1892இல் உடைந்த இத்தாலியக் கப்பலொன்றிலிருந்து வந்து குடியேறியவர், 1911இல் இறக்கும்வரை ஓரளவு அதே இடத்தை வகித்தார். அவருக்குப்பின் வாயிலின் திறப்பு மெல்ல மெல்லத் தீவாரின் கையிலிருந்து நழுவியது. கப்பல் வாணிபம் அற்றுப்போக, இங்கிலாந்தில் திரட்டி அனுப்பப்பட்ட நன்கொடைப் பொருட்களே முதன்மை பெற்றன. அவை தேவாலயச் சங்கத்தின் வழியே வந்தன. மதகுருவே அவற்றைப் பங்கிட்டார். கடிதங்களையும் அவரே எழுதினார். 1932இல் மதகுரு பாட்றிட்ஜ் தீவுச் சபையொன்றை அமைத்து, ரெப்பெற்றோவின் மகன் வில்லியைத் தலைவராகவும் வில்லியின் தாயாரான பிரான்சிஸ் அம்மையாரைத் தலைவியாகவும் ஆக்கினார். தலைவர் என்னும் பெயர் பதவியாக உருப்பெற்ற அதே காலத்திலேயே தலைமையின் உட்பொருள் பாதிரியார் மனைக்குச் சென்றுவிட்டது! 1934இல் வந்த ஹரல்ட் வைல்ட் காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது.

மங்க் தீவில் இறங்கியது இந்நிலையிலேதான். 1937இல் அவர் கண்ட மக்கள் கட்டளையிடாதோர், முன்னிற்கத் தயங்குவோர், பிறர் விடயத்திற் தலையிடாதோர். அவர் கண்டது உண்மை. அவரது கண்கள் கூரியவை. ஆனால் கண்டதற்கு அவர் கூறும் காரணம் நூற்றிருபது ஆண்டுக்கு முந்திய ஆவணமாகவுள்ளது. இடையாள் தலைமையை மதகுரு கைப்பற்றியிருந்த ஒரு காலகட்டத்தின் தோற்றத்தை அவர் தீவின் நிரந்தர இயல்பாகக் கொண்டு, பின்னோக்கி 1817 வரை நீட்டிவிட்டார். வெளியாரிடம் தலைமை இருக்கையில் உள்ளாரிடம் அதைத் தேடினால் இல்லாமைதான் தென்படும். இதனாலேயே அவரது விளக்கத்தில் கிளாஸும் கிரீனும் தனிமனிதரின் நற்குணங்களாகக் குறுகிவிடுகின்றனர். அவர்களை உருவாக்கிய பொருளாதார உறவு பின்தள்ளப்படுகின்றது.

இவ்வாறு கூறுவதனால் மங்க் முற்றிலும் தவறினார் என்பதாகாது. மூன்று சந்தர்ப்பங்கள் அவர் பக்கம் நிற்கின்றன. 1857இல் மதகுரு வில்லியம் ரெயிலர் தீவுக்கு எதிர்காலமில்லை எனக் கருதி மக்களிற் பாதிக்கும் மேற்பட்டோருடன் கேப் குடியேற்றத்துக்குச் சென்றபோது, முப்பதுக்கும் குறைந்தோர் அங்கேயே தங்கினர். 1904இல் கேப் அரசாங்கம் முழுச் சமூகத்தையும் இடம்பெயர்க்க முன்வந்தபோது பெரும்பாலோர் மறுத்தனர். மூன்றாவது பின்னர் கூறப்படும். முதலிரண்டிலும் 'தங்குவோம்' என்று கட்டளையிட்ட தலைவர் எவரையும் ஏடுகள் காட்டவில்லை. வாயிலில் நிற்பவர் வெளியாரோடு பேசுவார். ஊர் தன் முடிவைத் தானே எடுக்கும். இடையாள் தலைமையின் எல்லை எது என்பதும் இங்கேயே புலனாகிறது.

மங்க்கிடம் மட்டுமன்றி, தீவு பற்றி எழுதிய ஏனையோர் பலரிடமும் காணப்படும் ஒரு குறை பெண்கள் பற்றியது. 1817இன் சமத்துவத்தில் மரியா கிளாஸின் கையொப்பம் இல்லை. 1827இல் சென் ஹெலனாவிலிருந்து ஐந்து பெண்கள் தீவின் பிரமசாரிகள் ஐவருக்கு மனைவியராகக் கொண்டுவரப்பட்டனர். பிற்கால மரபணு ஆய்வும் தீவாரின் தாய்வழி மூலங்கள் ஐந்தே எனக் காட்டியுள்ளது. ஆயின் ஊரின் பழைய குடிப்பெயர்கள் ஏழும் ஆடவர் பெயர்களே. 1906 முதல் 1909 வரை அங்கு வாழ்ந்த பரோ அம்மையாரின் நூலில் கம்பளி நூற்றலும் நோயாளரைப் பார்த்தலும் பிள்ளைகளைக் கற்பித்தலுமாகப் பெண்களின் நாளாந்த வாழ்வு பக்கம் பக்கமாக விரிகின்றது. 1885இன் பின்னர் ஊரை நடத்தியோரில் கைம்பெண்களின் பங்கு என்ன என்பதைத் தலைமைத்துவ வரலாறு கேட்கவேயில்லை. கப்பலை நோக்கிப் படகு செலுத்தியோரை மட்டும் தலைவரெனக் கொண்ட வரையறையின் விளைவு இது. இடையாள் தலைமை என்னும் கருத்துக்கும் இக்குறை உண்டு. அது வாயிலை விளக்கும், வீட்டை விளக்காது. 1988இல் முதன்முறையாக ஒரு பெண் தீவின் தலைவரானார்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1942இல், கடற்படை நிலையம் அமைந்தது. பணப் புழக்கமும் உடன் வந்தது. 1949 முதல் கடல் இறால் பதனிடும் தொழிலும் நிருவாகியும் வந்தனர். மதகுருவின் கையிலிருந்த திறப்பு நிருவாகியிடம் சென்றது. தீவாருக்கு அது திரும்பவில்லை. 1961 ஒக்டோபரில் குடியிருப்பின் அருகே எரிமலை குமுற, மக்கள் யாவரும் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் கல்ஷொற்றிலிருந்த பழைய விமானப்படைக் குடியிருப்பில் வைக்கப்பட்டனர். தொழிலும் வீடும் கொடுத்துவிட்டால் அவர்கள் அங்கேயே தங்குவர் என்று எண்ணியோர் பலர். மதகுருவால் முப்பதாண்டுகளுக்கு முன் தலைவராக்கப்பட்ட வில்லி ரெப்பெற்றோ இங்கேதான் பழைய பொருளில் தலைவராகிறார். தீவு இல்லை, கடற்கரை இல்லை. ஆயினும் வெளியுலகின் முன் ஊருக்காகப் பேச ஒருவர் தேவைப்பட்டார். அலுவலகங்களிடமும் பத்திரிகையாளரிடமும் ஊரின் விருப்பத்தைச் சொல்லும் பணி அவரையும் சபையினரையும் சார்ந்தது. 1962 டிசெம்பரில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. திரும்ப வேண்டும் என்றோர் 148 பேர். வேண்டாம் என்றோர் ஐவர். 1963இல் மக்கள் தீவுக்கு மீண்டனர். நிருவாகியும் மீண்டார். எட்டுத் தெரிவு உறுப்பினரும் மூன்று நியமன உறுப்பினரும் கொண்ட இன்றைய தீவுச் சபைக்கும் நிருவாகியே தலைமை தாங்குகிறார்.