முன்னோரின் படைப்பணியைத் தேடுதல்: கரிவலம் வட்டாரத்தை முன்வைத்து

சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ள கரிவலம்வந்தநல்லூர், பால்வண்ணநாதர் கோயிலாலும் வரதுங்கராம பாண்டியரின் தொடர்பாலும் பெயர்பெற்ற ஊர். படைப்பணி சார்ந்த குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்கோ ஊரைவிட அதன் சுற்றுவட்டாரமே முதன்மையானது. ஏனெனில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகளை மையமாகக் கொண்டு பாளையக்காரர் பூலித்தேவர் 1755 தொடங்கி 1761இல் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப்கானிடம் அக்கோட்டைகளை இழக்கும் வரை ஆர்க்காட்டு நவாபையும் கிழக்கிந்தியக் கம்பெனியையும் எதிர்த்துப் போரிட்ட நிலம் இது. தம் முன்னோர் பூலித்தேவரின் படையில் நின்றவர் என்று கூறும் குடும்பங்கள் இங்கு ஒரு சாதிக்கு மட்டும் உரியவை அல்ல. அந்தக் கூற்றுக்கும், பாட்டனார் உலகப் போருக்குச் சென்றார் என்னும் கூற்றுக்கும் ஒரே எடையைக் கொடுப்பதில்தான் இத்தேடலின் முதல் பிழை தொடங்குகிறது.

உலகப் போர்களைப் பொறுத்தவரை தேடலுக்குப் பிடிமானம் உண்டு. முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்க்கு வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் அவருடைய படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது பெற்ற சான்றும் ஓய்வூதிய ஆணையும் சில வீடுகளில் எஞ்சியிருக்கலாம். போரில் இறந்தவராயின், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரோடு பல இடங்களில் தந்தை பெயரும் ஊரும் வட்டமும் மாவட்டமும் காணப்படும். ஆனால் அன்றைய வட்டத்தின் பெயர் சங்கரநயினார்கோவில், மாவட்டத்தின் பெயர் டின்னவெல்லி என்பதை அறியாமல் இன்றைய பெயர்களைக் கொண்டு தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வருவதும், குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாததும் பெயர்ப் பொருத்தத்தை மட்டும் நம்புவதை ஆபத்தானதாக்குகின்றன. படைப்பிரிவின் பெயரும் ஏமாற்றக்கூடியது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் தோல்வி கண்ட இந்தியப் பிரிவுகளுள் ஒன்று 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அதன் சிப்பாய்கள் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் எடுக்கப்பட்டவர்களாதலால், பெயரிலுள்ள பாளையங்கோட்டை எந்தச் சிப்பாயின் ஊரையும் காட்டாது.

ஆவணம் எல்லோரையும் ஒன்றுபோல நினைவில் வைத்ததும் இல்லை. இராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட, இந்தியச் சிப்பாய்கள் பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இவ்வகை வேறுபாடு காட்டப்பட்டதைப் போர்க்கல்லறை ஆணையமே அமைத்த குழு 2021இல் ஒப்புக்கொண்டது. இந்தியச் சிற்றூர்கள் சிலவற்றில் பதிக்கப்பட்ட முதல் உலகப் போர்க் கல்வெட்டுகளும் இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று கூறி நின்றுவிடுகின்றன. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பஞ்சாப் பதிவேடுகள் ஏறத்தாழ 3,20,000 வீரர்களை ஊர்வாரியாகக் காட்டுவதையும், அவை இப்போது கணினியில் தேடக் கிடைப்பதையும் எண்ணும்போது, தென்பாண்டி நாட்டுக் குடும்பங்கள் எவ்வளவு குறைந்த முதலோடு இத்தேடலில் இறங்குகின்றன என்பது புலப்படும்.

ஆவணத்தில் ஒரு பெயர் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1857க்குப் பின் வலுப்பெற்ற ‘போர்க்குடி’க் கொள்கை, அதாவது சில இனத்தாரே போருக்குத் தகுதியானவர் என்ற பிரித்தானியரின் கருத்து, சென்னை மாகாணத்து ஆள்சேர்ப்பைப் படிப்படியாகச் சுருக்கியது. ஆகவே 1880களுக்கும் 1914க்கும் இடையில் ஒரு குடும்பத்தில் சிப்பாயே இல்லாமற்போனால், அதற்கான விடையைக் குடும்பத்தின் வீரத்தில் தேடுவதைவிட அரசின் ஆள்சேர்ப்பு முறையில் தேடுவதே பொருந்தும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் நுழைந்ததும் நிலைமை முற்றிலும் மாறுகிறது. ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாறும் கம்பெனியின் இராணுவக் குறிப்புகளும் பாளையக்காரர்களைப் பெயர் சொல்லிப் பேசுகின்றனவேயன்றி, அவர்களுக்காக வேலும் வாளும் ஏந்திய ஆட்களைத் தனித்தனியே பெயர் சொல்வது அரிது. அந்த ஆட்களில் பலருக்குக் கிடைத்தது சம்பளப் பட்டியலில் ஓரிடமன்று, நிலம். ஆகவே வரி நீக்கப்பட்ட மானியங்களை விசாரிக்க 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் சில வேளை இராணுவ ஆவணத்தைவிட அதிகம் பேசும். எனினும் நிலவரித் தீர்வுக்குப் பின் ஜமீன்தார்கள் தாமாக வழங்கிய மானியங்களை அவற்றில் எதிர்பார்க்க இயலாது. எஞ்சுவன கதைப்பாடல்களும், போரில் வீழ்ந்தவரைப் பட்டவன் என்று வணங்கும் வழிபாடும்தாம். பூலித்தேவரின் படைத்தளபதிகளாகப் போற்றப்படும் ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் இன்று அறியப்படுவது பெரிதும் இந்நினைவின் வழியாகவே. 2022இல் ஒண்டிவீரனுக்கு அஞ்சல் தலை வெளியானபோது, ஏடு விட்டதை நினைவு மீட்டது என்று கூறுவதில் நியாயமுண்டு.

ஆனால் ஒரு சமூகத்தின் நினைவு ஒரு குடும்பத்தின் கொடிவழிக்குச் சான்றாகிவிடாது. இடையிலுள்ள ஆறேழு தலைமுறைகளை ஒரே தாவலில் கடந்து வீரரோடு இணைத்துவிடும் குடும்ப மரங்களில் மற்றொரு மௌனமும் உண்டு: பூலித்தேவரை எதிர்த்த யூசுப்கானின் படையிலும் தமிழ்ச் சிப்பாய்கள் இருந்தனர், கம்பெனியின் பக்கம் சாய்ந்த பாளையங்களும் இருந்தன, அந்தப் பக்கம் நின்ற முன்னோரை உரிமை கோரும் குடும்பம் கிடைப்பது அரிது. தேடுபவர் தமக்கு வேண்டிய முன்னோரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார் என்ற ஐயத்தை இது வலுப்படுத்துகிறது. ஆவணத்தால் நிறுவப்பட்டது, நிலப் பதிவால் ஊகிக்கத்தக்கது, வாய்மொழியாக வந்தது என மூவகையாகக் குறித்து எழுதினால் மட்டுமே அத்தகைய மரத்தைப் பிறர் பயன்படுத்த முடியும்.

ஆண்வழியை மட்டும் வரையும் வழக்கம் இதைவிடப் பெரிய இழப்பு. இறந்த சிப்பாயின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கோரும்போது, தாம் இன்னாருக்கு மனைவி, இவர்கள் பிள்ளைகள், இது ஊர் என்பவற்றை ஊரதிகாரி வழியாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது; அதனால் சிப்பாயைப் பற்றிய விரிவான குடும்பச் செய்தி படைப்பிரிவின் பட்டியலைவிட அவளுடைய மனுவில்தான் இருக்கக்கூடும். மரத்தில் அவள் பெயரைச் சேர்க்காத குடும்பம், அந்த மனுவை எந்தப் பெயரில் தேட வேண்டும் என்பதையும் சேர்த்தே இழந்திருக்கிறது.