மெசியாவும் ஒரு மண்டபமும்

இறைவனைப் பாடும் இசைக்கு உரிய இடம் எது? ஆலயமா, அரங்கமா? மயிலாப்பூரைச் சுற்றி வாழும் நமக்கு இவ்வினா புதிதன்று. கோயிலிலும் பஜனை மடத்திலும் ஒலித்த பாடல்கள் சீட்டு வாங்கி அமரும் சபாக்களுக்கு வந்து நெடுங்காலமாயிற்று. மார்கழியில் கபாலீசுவரர் கோயில் வீதிகளில் திருப்பாவை ஒலிக்கிறது; மியூசிக் அகாதெமியில் கச்சேரிகள் நிகழ்கின்றன; சாந்தோமில் நாம் கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகிறோம். அதே நாள்களில் நகரின் பாடற்குழுக்கள் ஹாண்டலின் 'மெசியா'விலிருந்து சில பகுதிகளைப் பாடுகின்றன. அப்படைப்பு முதன்முதல் ஒலித்த மண்டபத்தின் வரலாற்றை நோக்கினால், நம் வினாவுக்கு ஒரு தெளிவு பிறக்கும்.

'ஒரட்டோரியோ' என்பது வேடமும் நடிப்பும் இன்றித் தனிக்குரல்களும் பாடற்குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து வழங்கும் இசைக்காவியம். ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஹாண்டல், சார்ல்ஸ் ஜென்னென்ஸ் விவிலியத்திலிருந்து தொகுத்துத் தந்த ஆங்கில வாசகங்களுக்கு 1741 ஆகஸ்டு 22 முதல் செப்டம்பர் 14 வரை, 24 நாள்களில் இசையமைத்தார். அவ்வாண்டின் இறுதியில் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்றார்.

அங்கே ஃபிஷாம்பிள் தெருவில் ஒரு புதிய இசை மண்டபம் 1741 அக்டோபரில் திறக்கப்பட்டிருந்தது. அதனைக் கட்டியது ஓர் இசைச் சங்கம். கடனை அடைக்க இயலாமல் சிறையில் வாடியவர்களை விடுவிப்பதே அச்சங்கத்தின் நோக்கம். ஆகவே அந்த மண்டபம் இசைக்காக எழுந்தது என்பது பாதி உண்மை. சிறைப்பட்டோருக்காக எழுந்தது என்பது மறுபாதி.

1742 ஏப்ரல் 13 அன்று நண்பகலில் 'மெசியா' அங்கே அரங்கேறியது. நகரின் இரு பேராலயங்களைச் சேர்ந்த பாடகர்கள் பங்கேற்றனர். இன்னும் பலர் அமர இடம் வேண்டும் என்பதற்காக, பெண்கள் அகன்ற வளையப் பாவாடை அணியாமலும் ஆண்கள் வாள் தரிக்காமலும் வருமாறு வேண்டப்பட்டனர். ஏறத்தாழ 700 பேர் கூடினர். திரண்ட தொகை சுமார் 400 பவுண்டு. அது இரு மருத்துவமனைகளுக்கும் கடனாளிகளின் விடுதலைக்குமாக மூன்றாகப் பகிரப்பட்டது. அதன் பயனாக 142 பேர் சிறையினின்று வெளியேறினர். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் தம் பணியைப் பற்றி வாசித்த பகுதியை அறிந்த நமக்கு, இது வெறும் நன்கொடைக் கணக்காகத் தோன்றாது.

இனி இசைக்குள் நுழைவோம். இரண்டாம் பகுதியில், துன்புறும் ஊழியனைப் பற்றிய எசாயாவின் சொற்களுக்கு அமைந்த தனிப்பாடல் ஒன்று உண்டு. குரல் ஓரிரு சொற்களை உதிர்த்து நின்றுவிடுகிறது; வயலின்கள் அதே துயரை வாங்கித் தாழ்ந்த ஒலியில் திருப்பிச் சொல்கின்றன. துக்க வீட்டில் பேச்சு அறுந்து அறுந்து வருவதைப் போன்றது இவ்வமைப்பு. நடுப்பகுதியில் வாத்தியங்கள் கசையடிபோல் வெட்டி வெட்டி ஒலிக்கின்றன. பின்னர் முதற்பகுதியின் அமைதி மீள்கிறது. மிகையான அலங்காரம் எதுவும் இல்லை. குறைவாகச் சொல்லி நிறைவாக உணர்த்தும் இக்கலையே 'மெசியா'வின் உச்சம் என்று நாம் துணிந்து கூறுவோம்.

டப்ளினில் அதனைப் பாடியவர் சுசன்னா சிபர் என்னும் நடிகை. கணவர் தொடுத்த வழக்கினால் இலண்டனில் பெயர் கெட்டு ஒதுங்கியிருந்தவர். புறக்கணிக்கப்பட்டவரைப் பற்றிய பாடலைப் புறக்கணிக்கப்பட்ட பெண்ணொருத்தியே பாடினாள். அவையில் இருந்த பேட்ரிக் டிலேனி என்னும் ஆங்கிலிக்கன் குரு, இதன்பொருட்டே அவளுடைய பாவங்கள் மன்னிக்கப்படுக என்று வாய்விட்டுக் கூறினார் என்பர்.

ஆனால் 1743-இல் இலண்டனில் இதே படைப்பு நாடக அரங்கில் ஒலித்தபோது எதிர்ப்பு எழுந்தது. கூத்துமேடையில் திருமறை வாசகமா என்று பத்திரிகையில் கேட்டனர். 'மெசியா' என்ற பெயரைத் தவிர்த்தே விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. அவ்வெதிர்ப்பைத் தணித்ததில், 1750 முதல் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்துக்காக அதன் சிற்றாலயத்தில் நிகழ்ந்த இசைவிழாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தம் இசைப்படியின் பிரதியொன்றை அவ்வில்லத்துக்கே ஹாண்டல் உயில் எழுதி வைத்தார்.

நம் நிலை என்ன? டிசம்பரில் 'அல்லேலூயா' பாடற்பகுதியை மட்டும் எடுத்துப் பாடி மகிழ்கிறோம். பாடுவோரின் உழைப்பு பாராட்டுக்குரியது. எனினும் அப்பகுதி பிறப்பின் பாடலன்று. பாடுகளையும் உயிர்ப்பையும் கடந்து, இரண்டாம் பகுதியின் இறுதியில் வரும் வெற்றிப் பாடல். முதலில் அது ஒலித்த காலமும் பாஸ்காவை ஒட்டிய ஏப்ரல். சிலுவையை விட்டு வெற்றியை மட்டும் எடுத்தால் இசையும் மெலிகிறது, பொருளும் மெலிகிறது. தவக்காலத்தில் இரண்டாம் பகுதியை முழுமையாகப் பாட நம் பங்குகளின் பாடற்குழுக்கள் முயலலாகாதா?

இசையும் ஈகையும் இணைவது இம்மண்ணுக்கும் பழக்கமானதே. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் தம் கச்சேரிகளால் எத்தனையோ அறப்பணிகளுக்கு நிதி திரட்டித் தந்தார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது பொதுப்பணிக்கான பிரிவில் வழங்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது. சபா மேடை தூயதா என்று கேட்டவர்களுக்கு அவருடைய வாழ்வே விடை.

ஃபிஷாம்பிள் தெரு மண்டபம் இன்று இல்லை. நுழைவாயில் வளைவு மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆயினும் ஆண்டுதோறும் ஏப்ரல் 13 அன்று 'அவர் லேடீஸ் கோரல் சொசைட்டி' என்னும் டப்ளின் பாடற்குழு அத்தெருவிலேயே நின்று 'மெசியா'வின் பகுதிகளைப் பாடிவருகிறது. கூரை போனபின்பும் பாடல் தன் இடத்தை மறக்கவில்லை.

ஆலயமா, அரங்கமா என்ற வினாவுக்கு அந்த 142 பேரே விடை. எவருடைய விலங்கு கழன்றது என்பதே ஓர் இசையரங்கின் தூய்மைக்கு அளவுகோல். வரும் திருவிழாவுக்கு இசை நிகழ்ச்சி அமைக்கும் பங்குகள், பாடல் பட்டியலோடு இதனையும் முடிவு செய்யட்டும்: வட்டிக் கடனில் மூழ்கிய எந்தக் குடும்பத்துக்காக இவ்வாண்டு நாம் பாடப்போகிறோம்?