ஆண்டி வாரோலின் அமிகா தன்னுருவமும் பாப் கலை செல்ஃபியும்

ஆண்டி வாரோல் (1928–1987) அமெரிக்கப் பாப் கலையின் முதன்மையான ஓவியர்களுள் ஒருவர். சூப் டப்பா, நடிகையின் முகம், செய்தித்தாள் படம் என எல்லோரும் பார்த்துப் பழகிய உருவங்களைக் கலைப்பொருளாக்கியவர். 1985இல் கமடோர் நிறுவனத்தின் அமிகா கணினியில் தம் முகத்தையே அவர் படமாக்கினார். இன்று கைபேசியில் ஒரு தொடுதலில் கிடைக்கும் பாப் கலை செல்ஃபிக்கு அதை முன்னோடியாகக் கொள்ளலாம். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், செல்ஃபியில் விடுபட்டுப் போனது எது என்பது புலப்படும்.

முகமும் அச்சும்

வாரோலின் தொடக்ககாலத் தன்னுருவங்கள் கண்ணாடி முன் அமர்ந்து வரையப்பட்டவை அல்ல. காசு போட்டால் படமெடுத்துத் தரும் தானியங்கிப் புகைப்படக் கூண்டில் எடுத்த படங்களே அவற்றுக்கு மூலம். அப்படங்களைத் திரை அச்சு முறையில் துணிக்கு மாற்றினார். இம்முறையில் அடியில் உள்ள வண்ணமும் மேலே விழும் கறுப்பு மையும் சரியாகப் பொருந்துவதில்லை. உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி வழியும். இந்தப் பிசகுகளை அவர் திருத்தாமல் விட்டார்.

மர்லின் மன்றோ இறந்த 1962ஆம் ஆண்டில் உருவான ‘மர்லின் டிப்டிக்’ படைப்பில் ஒரே புகைப்படம் 50 முறை வருகிறது. இடப்பக்கம் 25 முகங்கள் பளிச்சிடும் வண்ணத்தில். வலப்பக்கம் 25 முகங்கள் கறுப்பு வெள்ளையில். வலப்பக்கத்தில் சில முகங்கள் மை அப்பி மறைகின்றன. சில வெளிறித் தேய்கின்றன. புகழையும் மரணத்தையும் அந்தத் தேய்மானமே சொல்லிவிடுகிறது.

அமிகாவில்

1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் அமிகா அறிமுகமானது. அந்த மேடையில் பாடகி டெபி ஹாரியின் முகத்தைக் கணினிக்குள் எடுத்து, பகுதி பகுதியாக வண்ணம் நிரப்பிக் காட்டினார் வாரோல். அவர் அமிகாவில் செய்த வேறு படங்கள் பிளாப்பி வட்டுகளில் முடங்கிக் கிடந்தன. கலைஞர் கோரி ஆர்க்காஞ்சலின் முயற்சியால், கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் அவற்றை மீட்டனர். செய்தி 2014இல் வெளியானது. அவற்றுள் அவருடைய தன்னுருவமும், போத்திச்செல்லியின் வீனஸ் மூன்று கண்களுடன் நிற்கும் படமும் இருந்தன.

இவை வாரோலின் சிறந்த படைப்புகள் அல்ல. மௌஸ் பிடித்த கையின் தடுமாற்றம் கோடுகளில் தெரிகிறது. ஆனால் மூன்றாம் கண்ணில் ஒரு குறும்பு உண்டு. படத்தின் ஒரு துண்டை எடுத்து வேறோரிடத்தில் ஒட்ட முடியும் என்று அறிந்தவுடன், அழகின் இலக்கணமாகக் கொண்டாடப்படும் முகத்தில் அதைச் செய்து பார்க்கிறார்.

ஃபில்டரின் எல்லை

2005இல் வெளிவந்த ஆப்பிளின் ‘போட்டோ பூத்’ செயலியிலேயே பாப் ஆர்ட் விளைவு இருந்தது. இத்தகைய ஃபில்டர்கள் ஒளியின் அளவைச் சில படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டையான வண்ணம் தருகின்றன. கட்டத்துக்குக் கட்டம் நிறம் மட்டும் மாறுகிறது. யார் முகமானாலும் விளைவு ஒன்றே.

தாம் ஓர் இயந்திரமாக இருக்க விரும்புவதாக 1963ஆம் ஆண்டு நேர்காணலில் சொன்னவர் வாரோல். அப்படியானால் ஃபில்டர் அவர் கனவின் நிறைவேற்றம் அல்லவா என்று கேட்கலாம். அவருடைய இயந்திரம் பிழை செய்தது. எந்தப் பிழையை வைத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்தார். ஃபில்டரில் பிழையும் இல்லை, முடிவும் இல்லை.

செய்து பார்ப்போர்க்கு

செல்ஃபியை முதலில் அழுத்தமான கறுப்பு வெள்ளையாக்கி, வண்ண அடுக்குகளைக் கையால் அமைத்து, சற்றே விலக்கி வைத்தால் வேறுபாடு விளங்கும். நான்கு முகங்களில் ஒன்றையாவது சிதையவிடலாம். சொந்த முகத்தை அழகாக்கும் ஆசையைத் துறந்து, அதை ஒரு சூப் டப்பாவைப்போல் விலகி நின்று பார்க்கத் துணிபவருக்கே பாப் கலையின் விளையாட்டு வசப்படும்.