முதல் முட்டை வரைதான் அமைதி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில மாதங்களில் ஓர் ஆசை வருவதுண்டு. ஒரு ஜோடி கோமாளி மீனே இவ்வளவு அழகாக இருக்கிறதே, மூன்று நான்கு ஜோடிகளை விட்டால் எப்படி இருக்கும்? பண்ணையில் பொரித்த ஒசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன் குஞ்சுகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. கடைத் தொட்டியில் அவை கூட்டம் கூட்டமாக, பெரிய சண்டை எதுவுமின்றி நீந்துவதைப் பார்த்தவருக்கு அந்த ஆசை நியாயமாகவே தோன்றும். அதை முற்றாகத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டு மீன் என்றால் நான்கு ஜோடி என்று போடும் கணக்கு இந்த மீனின் உடலுக்கே பொருந்தாது.

கோமாளி மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. ஒரு கடற்சாமந்தியை அண்டி வாழும் குழுவில் எது மிகப் பெரியதோ அது பெண். அளவில் அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண். எஞ்சியவை முதிர்ச்சி அடையாமல் காத்திருப்பவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். காத்திருந்தவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு ஏறும். பெண்ணின் ஆதிக்கமே மற்ற மீன்களின் பால்மாற்றத்தைத் தடுத்து வைக்கிறது என்பதை ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. பெண்ணான மீன் மீண்டும் ஆணாவதில்லை.

ஆகவே எட்டு மீன்களை ஒன்றாக விட்டால் இயல்பாக உருவாகப்போவது ஒரு ஜோடியும், காத்திருக்கும் ஆறு மீன்களும்தான். இரண்டாவது ஜோடி வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒரு பெண் வேண்டும். முதல் பெண்ணின் பார்வையும் விரட்டலும் எட்டாத ஓர் இடத்தில்தான் அது உருவாக முடியும். கடலில் அந்த இடம் என்பது வேறொரு சாமந்தி. நான்கடித் தொட்டியில் பெண் மீன் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்த் திரும்ப ஓரிரு நொடி போதும். ஏற்கெனவே ஜோடி சேர்ந்த இரண்டு இணைகளை வாங்கி விடுவதோ இன்னும் மோசம். பின்வாங்க வழியில்லாத இரண்டு பெண்களை ஒரே கண்ணாடிக்குள் அடைக்கிறோம். அடங்கிப்போவதற்கு அவற்றின் உடலில் இடமில்லை. ஒன்று ஓயும் வரை சண்டை நடக்கும்.

காத்திருக்கும் மீன்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பீட்டர் பஸ்டன் பாப்புவா நியூ கினியில் பெர்குலா வகையை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு. வரிசையில் பின்னால் நிற்கும் மீன் தனக்கு முன்னிருப்பதை அளவில் நெருங்காதபடி தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. நெருங்கினால் சண்டை வரும். சண்டையில் தோற்றால் சாமந்தியை விட்டு வெளியேற வேண்டும். வெளியே போனால் வேறு மீனுக்கு இரை. சிறியதாகவே இருப்பது அதற்கு உயிர் தப்பும் வழி. தொட்டியில் நாம் காணும் 'அமைதி'யும் பெரும்பாலும் இதுதான். இரண்டு ஆண்டாகியும் ஒரு மீன் கட்டைவிரல் அளவிலேயே நிற்கிறது, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, எல்லோருடனும் ஒத்துப்போகிறது என்று வளர்ப்பவர் மகிழ்கிறார். அந்த மீனோ ஒவ்வொரு நாளும் தன்னை ஒடுக்கிக்கொண்டு வாழ்கிறது.

இதையே குழுவாக வளர்ப்பதன் பலமாகவும் பார்க்க முடியும்; அப்படிப் பார்ப்பவர்களை நான் மதிக்கிறேன். ஒற்றை ஜோடி வைத்திருப்பவருக்கு இந்த மீனின் சமூக வாழ்க்கையில் பாதி கண்ணில் படுவதே இல்லை. ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளை ஒரே அளவில், ஒரே நாளில் பெரிய தொட்டியில் விட்டுக் கவனித்தால், ஏணிப்படி போன்ற அந்த அமைப்பு கண் முன்னால் எழுவதைக் காணலாம். பெரியது நெருங்கும்போது சிறியது உடலைச் சாய்த்துத் தலையை நடுங்க வைத்துப் பணிவு காட்டும். விரட்டும்போது எழும் சொடக்குச் சத்தம்கூடச் சில சமயம் காதில் விழும். கிளார்க்கி வகை மீன் தாடையை விசையோடு மூடிப் பற்களை மோதவிட்டு அந்த ஒலியை எழுப்புகிறது என்பது 2007இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வின் முடிவு. பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு குழுத் தொட்டி பெரிய பாடம். அதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது தவறு.

ஆனால் அந்தப் பாடத்தின் பிற்பகுதி கடுமையானது. கடைத் தொட்டியில் குஞ்சுகள் இணங்கியிருப்பதற்குக் காரணம் அவை எதற்கும் இன்னும் முதிர்ச்சி வரவில்லை, காக்க எதற்கும் இடமில்லை, நெரிசலில் எந்த மீனும் ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்த முடிவதில்லை என்பதே. வீட்டுத் தொட்டியில் இந்த மூன்றும் ஒவ்வொன்றாக மாறுகின்றன. ஒரு ஜோடி முந்துகிறது. சாமந்தியைத் தனதாக்கிக்கொள்கிறது. பிறகு ஒருநாள் பக்கத்துப் பாறையைச் சுத்தம் செய்து முட்டையிடுகிறது. ஆறிலிருந்து பத்து நாள் வரை ஆண் அந்த முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருக்கும். பெண் காவல் நிற்கும். தொட்டியில் கைவிட்டால் கையையே கடிக்கும் அளவுக்கு அவற்றின் மூர்க்கம் ஏறும். முட்டைகள் பொரிந்த சில நாட்களில் அடுத்த ஈடு. ஆக, ஒருமுறை முட்டையிடத் தொடங்கிவிட்டால் அந்த ஜோடி காவல் நிலையிலிருந்து இறங்குவதே அரிது. மற்றவை மேல்மட்டத்து மூலைக்கும் வடிகட்டிக் குழாயின் பின்புறத்துக்கும் ஒதுங்குகின்றன. துடுப்புகள் கிழிகின்றன, தீனிக்கு வர அஞ்சுகின்றன, ஒவ்வொன்றாக மடிகின்றன. கடலில் துரத்தப்பட்ட மீனுக்கு மிக அரிதாகவாவது இன்னொரு சாமந்தி கிடைக்கலாம். இங்கே கண்ணாடிதான் எல்லை.

இந்த இயல்பை நன்கு அறிந்தவர்கள் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை செய்பவர்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் நெடுநாள் அனுபவம் உள்ளது. அங்கே பின்பற்றப்படும் முறையில் சில மீன்களை ஒரு சாமந்தியோடு ஒரு தொட்டியில் விடுகிறார்கள். சில மாதங்களில் ஒரு ஜோடி மற்றவற்றை மிஞ்சி வளர்கிறது. உடனே அந்த ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். வீட்டில் நாம் செய்வதும் இதன் முதல் பாதிதான். பிரிக்க வேண்டிய நேரத்தில் பிரிக்காமல் ரசித்துக்கொண்டிருக்கிறோம். குஞ்சுகளை விற்றுப் பிழைப்பவர்களே ஜோடிக்கு ஒரு தொட்டி ஒதுக்குகிறார்கள் என்றால், அந்தச் செலவுக்குக் காரணம் இருக்கிறது.

வெற்றி என்று சொல்லப்படுபவை எந்த வயதில் அளக்கப்படுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இருபது குஞ்சுகள் ஒரு சாமந்திக் கூட்டத்தின் மேல் மிதக்கும் படம் பெரும்பாலும் முதல் ஆண்டில் எடுக்கப்படுவது. பெர்குலா பெண் மீன் முப்பது ஆண்டுகள் வரை வாழக்கூடும் என்று 2007இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நெடிய வாழ்வுள்ள உயிரின் நலத்தை ஓராண்டுப் படத்தை வைத்துத் தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு வேறு இனங்களின் ஜோடிகளைச் சேர்ப்பது தனிக் கேள்வி. இங்கே என் எதிர்ப்பு தளர்கிறது. ஒகினாவாவில் ஒசெல்லாரிஸ் குஞ்சுகளை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வு, அவை தங்களைப் போலவே மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்டவற்றைத்தான் அதிகம் தாக்குகின்றன என்று காட்டியது. பட்டை குறைந்தால் தாக்குதலும் குறைந்தது. தன் இடத்துக்குப் போட்டியாக வரக்கூடியது எது என்று அந்த மீனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தோனேசியாவைச் சூழ்ந்த பவளப்பாறைக் கடற்பகுதியில் ஒரே பெரிய சாமந்தியை இரண்டு இனங்கள் பகிர்ந்து வாழ்வதும் உண்டு. எனவே ஆறடிக்கும் நீளமான தொட்டியில், இரு முனைகளிலும் இரண்டு சாமந்தி, நடுவே பார்வையை மறைக்கும் பாறை, ஒரு பக்கம் ஒசெல்லாரிஸ் ஜோடி, மறுபக்கம் வேறொரு சாந்தமான இனத்தின் ஜோடி என்ற ஏற்பாட்டுக்கு வாய்ப்பு இருக்கிறது. கிளார்க்கியைச் சேர்க்கும்போது எச்சரிக்கை தேவை. அது மிகப் பெரிதாக வளர்ந்து இரண்டு சாமந்தியையும் பிடித்துக்கொள்ளும். கன்னத்தில் முள் கொண்ட மெரூன் வகையை எந்தக் கூட்டிலும் சேர்க்கக் கூடாது.

சாமந்தி பற்றியும் ஒரு சொல். பல மீன்கள் என்றால் பல சாமந்திகள் வேண்டும். பெரிய கம்பளச் சாமந்தி போன்றவை கடலிலிருந்து எடுத்து வரப்படுபவை, மெதுவாக வளர்பவை. பிலிப்பைன்ஸின் செபு கடற்பகுதியில் சேகரிப்பு நடந்த இடங்களில் சாமந்தியும் கோமாளி மீனும் குறைந்திருந்ததை 2005இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பண்ணை மீன் வாங்குவதால் கடலுக்குத் தீங்கில்லை என்று நினைப்பவர் அந்த மீனுக்காகக் கடலிலிருந்து சாமந்தியை வாங்கினால் சொல்வதும் செய்வதும் பொருந்தவில்லை. தொட்டியிலேயே பிளந்து பெருகும் குமிழ்முனைச் சாமந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு குழுவாக வளர்க்க விரும்புபவர், அதை ஒரு ஜோடியும் சில காத்திருப்பவையும் கொண்ட தற்காலிக ஏற்பாடாக எடுத்துக்கொண்டு தொடங்கட்டும். தொட்டியின் நலத்தை மிகப் பெரிய மீனைப் பார்த்து முடிவுசெய்யாமல் மிகச் சிறியதைப் பார்த்து முடிவுசெய்யட்டும்: தீனி போடும்போது அது முன்னால் வருகிறதா, துடுப்பு முழுதாக இருக்கிறதா, இரவில் எங்கே ஒதுங்குகிறது? பாறைகளை அடுக்கும்போதே, பிறகு எளிதில் எடுக்கக்கூடியபடி அடுக்க வேண்டும். பாறை நிறைந்த தொட்டியில் பயந்த மீனைப் பிடிப்பது பெரும்பாடு. மற்ற மீன்களை மாற்றுவதற்கான இரண்டாவது தொட்டி, முதல் குஞ்சை வாங்கும் முன்பே தண்ணீர் பதப்பட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு இடமோ பணமோ இல்லாதவர் ஒரு ஜோடியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.