நெருஞ்சி: பூவா, முள்ளா?

ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி, லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்த்து மகிழ்கிறோம். நல்லதுதான். ஆனால் நட்டு வளர்ப்பார் யாருமின்றிக் காலி மனையில் தானே பூத்துக் கிடக்கிறதே, அதை யார் பார்க்கிறோம்? சங்கப் புலவர்கள் பார்த்தார்கள். நெருஞ்சி ஒன்றே சான்று.

குறுந்தொகை 202-ஆம் பாட்டில், அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி தோழியிடம் நெஞ்சு நோகப் பேசுகிறாள். புன்செய் நெருஞ்சி முதலில் கண்ணுக்கு இனிய புதுப்பூவைக் காட்டிப் பிறகு முள்ளைத் தருகிறது; அவரும் அப்படித்தான் என்கிறாள். நெருஞ்சியில் அந்த மஞ்சள் பூவே முதிர்ந்து முட்காய் ஆகிறது. செடியைக் குனிந்து பார்த்தவருக்குத்தான் இந்த உவமை கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். முள் குத்தியவள், பூ பொய் என்று சொல்லவில்லை. செடியை மட்டும் திட்டியிருந்தால் அது வசை. பூவையும் ஒப்புக்கொண்டதால்தான் துயரம்.

புறநானூறு 155-இல் மோசிகீரனார் காட்டுவது வேறு நெருஞ்சி. ஆள் இல்லாத பாழூரில் அது பூத்திருக்கிறது. எழும் ஞாயிற்றை எதிர்கொண்டு நிற்கிறது. அதுபோல வறிய புலவர்களின் உண்கலங்கள் கொண்கானத்துத் தலைவனை நோக்கி மலர்ந்திருக்கின்றனவாம். வெறுங்கலத்தைப் பூவாக்க அவர் தாமரையைத் தேடிப் போகவில்லை. வறுமைக்குப் பாழ்நிலத்துப் பூதான் பொருத்தம்; அதிலேயே மானமும் இருக்கிறது.

"வள்ளுவரே களையைப் பிடுங்கச் சொன்னாரே?" என்று கேட்கலாம். உண்மை. 550-ஆம் குறளில் கொடியவரைத் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார். அது உழவன் கண். பயிரைக் காக்க அந்தக் கண் வேண்டும். ஆனால் வரப்புக்கு வெளியே அந்தக் கண்ணோடே நடந்தால், உலகமெல்லாம் களையாகத்தான் தெரியும்.

இன்று நெருஞ்சி என்றாலே நமக்கு முள் மட்டும்தான் ஞாபகம். பிறந்த மண்ணை விட்டு வந்த ஊரில் வேர்விட்டவர்கள் நாம். கேளாமல் முளைத்த செடியை நம்மைவிட யார் அறிவார்? இங்கும் இதே நெருஞ்சி உண்டு. கன்னடக்காரர் அதை 'நெக்கிலு' என்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு அந்தப் பூவைக் காட்டுங்கள். பாட்டு பிறகு தானே விளங்கும்.