ராஜபாளையத்துக்குப் பனிக்குல்லா

மின்சாரக் கார் வாங்கியவரிடம் இணையக் கடைகள் நீட்டும் துணைப்பொருள்களில் ஒன்று, சார்ஜிங் போர்ட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் காந்த உறை. கனடா, நார்வே போன்ற பனி நாடுகளின் தேவைக்கான சரக்கு. மழைக்கும் ஆகும் என்று சொல்லி நம்மிடமும் விற்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மழையுமாக நனையும் மலையடிவாரத்து ராஜபாளையத்துக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரும் இதை வாங்கலாமா?

டொரொன்டோவில் இருக்கும் உறவினர் வாங்கினால் கேள்வியே இல்லை. பகலில் உருகிய பனி மூடியின் இடுக்கிலும், சார்ஜிங் கன்னைப் பிடித்துக்கொள்ளும் பூட்டுத் துளையிலும் இறங்கி, இரவில் கல்லாக இறுகிவிடும். மூடி திறக்காது, திறந்தாலும் கன் முழுதாக உள்ளே போகாது. டெஸ்லா போர்ட்டையே சூடாக்கும் ஏற்பாட்டைச் செய்ததும் இதற்காகத்தான். அங்கே உறை தடுப்பது தண்ணீர் உறைவதை. நம்மூரில் தண்ணீர் உறையப்போவதில்லை. போர்ட்டின் அடியில் இருக்கும் வடிகால் துளை வழியே இறங்கிவிடும், மிச்சம் காய்ந்துவிடும்.

ஆனால் உறை வாங்குபவரின் பயம் வேறு: மழையில் மூடியைத் திறந்தால் ஷாக் அடிக்குமோ? இங்கே போர்ட் இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் கார்களில் இருக்கும் டைப் 2 அமைப்பில் ஏழு முனைகள். கன்னை மாட்டியவுடன் மின்சாரம் பாய்ந்துவிடாது. 12 வோல்ட் சமிக்ஞை ஒன்று, கன் பொருந்தியதும் 9 வோல்ட்டாகவும், கார் தயாரானதும் 6 வோல்ட்டாகவும் இறங்க வேண்டும். எர்த் இணைப்பும் சரியாக இருந்தால்தான் சார்ஜர் தன் சுவிட்சை மூடும். அதுவரை அந்த முனைகளில் உயிர் இல்லை. எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபி 44 தரத்துக்குத்தான் இவற்றைப் பொதுவாகச் செய்கிறார்கள். மழை இதில் அடக்கம். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாய் அடக்கமில்லை. அதைத் திறந்த போர்ட்டுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள்.

உறையால் நன்மையே இல்லையா? உண்டு. கூரையில்லாத இடத்தில் சாய்மழையில் சார்ஜ் போடும்போது குடை போல உதவும். ஆனால் எம்.ஜி. இஸட்.எஸ், ஹூண்டாய் கோனா போன்றவற்றுக்குப் போர்ட் முன்மூக்கில் இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக்கில் காந்தம் ஒட்டாது. ராஜபாளையத்துக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய ஊர் இது. ஆலை ஓரத்தில் கார் நிறுத்துபவருக்குப் பஞ்சுத் தூசி புதிதல்ல. அது வடிகால் துளையை அடைத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதன் மேல் உறையையும் போர்த்தினால் காய்வதற்கும் வழி போயிற்று. மாதம் ஒருமுறை காய்ந்த தூரிகையால் தட்டிவிடுவது இதற்குப் போதும்.

இவ்வளவு காவல் உள்ள இடத்துக்கு இன்னொரு குல்லா போடுகிறோம். வயரின் மறுமுனையை யாரும் பார்ப்பதில்லை. வீட்டுச் சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் சாக்கெட்டுக்குச் சார்ஜரும் காரும் நடத்தும் அந்தச் சமிக்ஞைப் பேச்சுவார்த்தை எதுவும் தெரியாது. சுவிட்சைப் போட்டால் அதில் எப்போதும் மின்சாரம். கார் இழுப்பது 3.3 கிலோவாட் என்றால் சுமார் 14 ஆம்பியர். கீசர் கால்மணி நேரத்தில் அணைந்துவிடும். 30 யூனிட் பிடிக்கும் பேட்டரிக்கு இரவெல்லாம், ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அதே ஓட்டம். தளர்ந்த சாக்கெட் சூடேறி உருகுவது இப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் கார் செட்டுக்கு இடம் ஏது? ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து திண்ணையைத் தாண்டித் தெருவுக்கு வயர். மழைநீர் அந்த வயரிலேயே வழுக்கிக்கொண்டு சாக்கெட்டுக்குள் போகும்.

அதைவிட மோசமானது, எர்த் சரியில்லை என்று சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் சிலர் கையாளும் குறுக்குவழி. நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளுக்குள் இணைத்த அடாப்டரை மாட்டி விளக்கை ஏமாற்றுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடுபவரை எந்தக் காந்த உறையும் காப்பாற்றாது.

2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்கள் பார்த்த மழைக்கு (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ.) எந்த மூடியும் ஈடாகாது. வெள்ளத்தில் நின்ற காரைப் பரிசோதிக்காமல் சார்ஜ் போடக் கூடாது.

ஆகவே தீர்ப்பு: பனி நாட்டுக்கு அவசியம், நமக்கு அலங்காரம். மூடி உடைந்த காருக்கும், கூரையே இல்லாமல் தினமும் சார்ஜ் போடுபவருக்கும் மட்டும் விலக்கு. மற்றவர்கள் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள். மீட்டரிலிருந்து தனி வயர், தரமான 16 ஆம்பியர் சாக்கெட், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, உண்மையான எர்த் குழி, சாக்கெட்டுக்கு மேல் ஒரு தகரச் சாய்ப்பு. வயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி மேலேறட்டும். நீர் அந்த மடிப்பிலேயே சொட்டிவிடும். இடிமழை தொடங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.