சப்பாணிக்கு மயில், சேதுவுக்கு அபிதா, மற்றவர்களுக்கு?

பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். பாலாவும் தேனி மாவட்டத்துக்காரர்தான். இருவரின் முதல் படங்களையும், ‘16 வயதினிலே’ (1977), ‘சேது’ (1999), அடுத்தடுத்த இரவுகளில் மறுபடி பார்த்தேன். ரெண்டும் காதல் கதைகள் என்றே நினைத்திருந்தேன். இந்தமுறை வேறொரு கேள்வி உறுத்தியது: புத்தி மற்றவர்களைப் போல ஓடாத ஒருத்தன் எங்கே வாழ்வது?

சப்பாணி ஊருக்குள்ளேயே இருக்கிறான். மதில் இல்லை, பூட்டு இல்லை. ‘அந்தக் காலத்துல கிராமமே இவங்கள அரவணைச்சுது’ என்று உருகுகிறோம். படம் அப்படிச் சொல்லவில்லை. பரட்டைக்கு உடம்பு பிடித்துவிட்டுக் காசுக்குக் கெஞ்சுகிறான் அவன். கோபாலகிருஷ்ணன் என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. மயில்தான் அந்தப் பெயரைத் திருப்பித் தருகிறாள். சப்பாணி என்பவனை அறையவும் சொல்லித் தருகிறாள். ஊருக்குள் இருப்பது வேறு, ஊரில் ஒருத்தனாக இருப்பது வேறு. கடைசியில் மயிலைக் காக்கக் கொலை செய்கிறான். அவனுக்கும் ஜெயில் மதில் வந்துவிடுகிறது.

சேதுவின் கதை நேர் எதிர். மண்டையில் அடிபட்டுப் பாண்டிமடத்தில் சங்கிலியில் கிடக்கிறான். தெளிந்து, தப்பி, வெளியே வருகிறான். அபிதா இறந்துகிடக்கிறாள். தானாகவே மடத்துக்காரர்களோடு திரும்பிப் போகிறான். அடிபட்டுப் பிசகிய மூளை வேறு, பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாடு வேறு. ஆனால் வெளியே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றுதான். படம் வந்த ரெண்டாவது வருஷம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி விடுதித் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகினார்கள். அதன்பின் அங்கே விடுதிகள் மூடப்பட்டன. மூடுவது ஒரு உத்தரவில் முடிகிற வேலை.

என் குறை இதுதான்: ரெண்டு படத்திலும் வெளியுலக வாழ்க்கை ஒரே பெண்ணின் தலையில் நிற்கிறது. அதைக் காதல் என்று கொண்டாடிவிட்டோம். என் தொழிலில் மொத்த சிஸ்டத்தையும் ஒரே சர்வரில் ஓட்டினால் திட்டு விழும். அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். நிஜ வீடுகளில் அந்தப் பாரம் அம்மாவுடையது. கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிறவள், பகலெல்லாம் மகனை யாரிடம் விடுவாள்? ‘எனக்குப் பெறகு இவன ஆரு பாப்பா?’ என்ற அவள் கேள்விக்கு, ‘ஹோமில் சேர்த்துடு’ என்பதைத் தவிர நம்மிடம் பதில் உண்டா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தில் வாழ்வது அவர்கள் உரிமை என்கிறது. அதற்கான உதவி ஆட்களையும் சேவைகளையும் பற்றிப் பேசுகிறது. அன்பு பத்தாது என்று ஒப்புக்கொண்ட வாசகம் அது. நம் சினிமா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. மயில் ரயில்வே ஸ்டேஷனில் இன்னமும் காத்திருக்கிறாள். அவளுக்குத் துணையாக இன்னும் நாலு பேரை அங்கே நிறுத்த எந்தக் கதாசிரியருக்கும் தோன்றவில்லை.